பழைய சிங்கர் தையல் மெஷின் வாங்குமுன் தலையைப் பாருங்கள்

பினாங்கு ஜார்ஜ்டவுனில் புதிதாகத் திறக்கிற கோப்பிக் கடையில் உட்கார்ந்தால் ஒருமுறை மேசைக்குக் கீழே பாருங்கள். பூவேலை செய்த வார்ப்பிரும்புக் கால், நடுவில் சிங்கர் என்ற எழுத்து, அடியில் ஒரு மிதி, பக்கத்தில் பெரிய சக்கரம். மேலே மட்டும் பளிங்குப் பலகை. தலை, அதாவது தைக்கிற மேல்பாகம், எங்கே என்று கேட்டால் கடைக்காரருக்கே தெரியாது. பழைய இரும்புக்காரரிடம் கிலோக் கணக்கில் போயிருக்கும். அழகாக இருக்கிறதென்று காலை வைத்துக்கொண்டு, வேலை செய்கிற தலையைத் தூக்கிப் போட்டிருக்கிறார்கள். பார்க்க வயிற்றெரிச்சல்தான்.

தொழிற்புரட்சி என்றதும் நீராவி எஞ்சின், ரயில், தந்தி என்று அடுக்குவோம். அவையெல்லாம் வீட்டுக்கு வெளியே ஓடியவை. சுவர்க் கடிகாரத்தை விட்டுவிட்டால், சாதாரணக் குடும்பத்தின் கூடத்துக்குள் வந்து உட்கார்ந்த முதல் மெஷின் தையல் மெஷின்தான். அதன் பெருமையெல்லாம் வேகம் என்பார்கள். பாதிதான் உண்மை. கையை விட வேகமாகத் தைக்கும் மெஷின்கள் சிங்கருக்கு முன்பே இருந்தன. எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. எழுபது, எண்பது வருடத்துக்கு முன் ஸ்காட்லாந்தில் செய்த மெஷினுக்கு, இன்றைக்குத் தையல் சாமான் கடையில் வாங்கும் ஊசியும், அடிநூல் சுற்றிவைக்கும் பாபினும் அப்படியே பொருந்துகின்றன. உங்கள் வீட்டு வாஷிங் மெஷினுக்குப் பத்து வருடம் கழித்து ஒரு ரப்பர் வளையம் கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள்.

லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தையில் எப்போதாவது ஒரு தலை கண்ணில் படும். விலை பேசுவதற்கு முன் வலப்பக்கக் கைச்சக்கரத்தை உங்களை நோக்கிச் சுற்றுங்கள். ஊசித்தண்டு முழுதாக இறங்கி ஏற வேண்டும். அதற்கு மேலே இருக்கும், மேல்நூலை இழுக்கும் ‘நூல் தூக்கி’ என்ற நெம்புகோல் கூடவே ஆட வேண்டும். ஊசிக்கு அடியில் இருக்கும் பல் மேலெழுந்து, துணியைப் பின்னால் தள்ளி, கீழிறங்கி, முன்னால் வர வேண்டும். இவையெல்லாம் நடந்தால் உயிர் இருக்கிறது என்று அர்த்தம்.

சக்கரம் அசையவே இல்லையா? உடனே வேண்டாமென்று வந்துவிடாதீர்கள். வெளியே துரு தெரியவில்லையென்றால், பெரும்பாலும் உள்ளே காய்ந்த எண்ணெய்தான் பிடித்துக்கொண்டிருக்கும். சமையலறையில் கைக்கெட்டியதை ஊற்றுவது நம் வீடுகளில் பழைய பழக்கம். தேங்காயெண்ணெய் நாளாக ஆகப் பிசுபிசுத்துப் பஞ்சையும் தூசியையும் சேர்த்துக்கொள்ளும். நல்லெண்ணெய் காற்றுப் பட்டுப் பழுப்பு நிற வார்னிஷாகவே இறுகிவிடும். இதற்கு மருந்து மண்ணெண்ணெய். எண்ணெய்த் துளை ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று சொட்டு விட்டு, ஓர் இரவு வைத்து, மறுநாள் சக்கரத்தை மெல்ல முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். சுத்தியலால் தட்டக் கூடாது. வார்ப்பிரும்பு வளையாது, உடையும். முடி உலர்த்தும் ட்ரையரால் சூடாக்கினாலும் பிசின் இளகும். ஆனால் அதை மண்ணெண்ணெய் விடுமுன் செய்ய வேண்டும், விட்டபின் ட்ரையரைக் கிட்டவே கொண்டுபோகக் கூடாது. சக்கரம் சுற்றத் தொடங்கியதும் மண்ணெண்ணெயை நன்றாகத் துடைத்தெடுத்து, தையல் மெஷின் எண்ணெயைத் துளைக்கு ஒரு சொட்டு வீதம் விடுங்கள். மண்ணெண்ணெய் அழுக்கைக் கரைக்கும், இரும்பைக் காக்காது. அதோடு விட்டுவிட்டுத் தைத்தால் இரும்பும் இரும்பும் உரசித் தேயும்.

சக்கரம் சுற்றுகிறது, ஊசி மட்டும் அசையவில்லை என்றால் அது பழுதே அல்ல. கைச்சக்கரத்தின் நடுவில் ஒரு திருகு இருக்கும். பாபினில் நூல் சுற்றும்போது ஊசி ஆடாமலிருக்க அதைத் தளர்த்துவார்கள். தளர்த்தியதை யாரோ மறுபடி இறுக்கவில்லை, அவ்வளவுதான். இறுக்கியும் பிடிக்கவில்லையென்றால், திருகுக்கு உள்ளே காது வைத்த ஒரு வாஷர் இருக்கும். கழற்றி அரைச்சுற்றுத் திருப்பி மாட்டினால் சரியாகும். விற்பவருக்கு இது தெரியாவிட்டால் உங்கள் அதிர்ஷ்டம், விலை இறங்கும்.

மெஷினின் வயதை அறிய வலப்பக்க அடிப்பலகையில் பொறித்த எண்ணைப் பாருங்கள். வெறும் எண் மட்டும் இருந்தால் 1900க்கு முந்தியது. முன்னால் ஆங்கில எழுத்து இருந்தால் அதற்குப் பிந்தியது. ஒய் என்ற ஒற்றை எழுத்தாகவோ, ஈ-யில் தொடங்கும் இரண்டு எழுத்தாகவோ இருந்தால் அது ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க் ஊரில் இருந்த கில்போவி ஆலையில் பிறந்தது. 15கே என்று சிறு தகட்டில் எழுதியிருக்கிறதே, அந்தக் கே கில்போவிதான். 1880களின் நடுவில் திறந்த அந்த ஆலை 1913இல் மட்டும் பத்து லட்சத்துக்கு மேல் மெஷின்களை அனுப்பியது. 1980இல் மூடிவிட்டார்கள். அந்த ஊர் ரயில் நிலையத்துக்கு இன்றும் பெயர் சிங்கர்.

எந்த வகுப்பு, அதாவது எந்த மாடல் வரிசை, என்று தெரிந்துகொள்வது வயதைவிட முக்கியம். 15ஆம் வகுப்பில் பாபின் உருண்டையாக இருக்கும், தனி உலோகக் கூட்டில் உட்காரும், இடப்பக்கத்திலிருந்து உள்ளே போகும். 27, 28 வகுப்புகளில் பாபின் நீளமான குச்சி போல இருக்கும். அதை ஏந்தும் ஷட்டில் முன்னும் பின்னும் ஆடும். 66ஆம் வகுப்பில் பாபினை மேலிருந்தே போடலாம். இந்த எல்லாவற்றுக்கும் ஊசி ஒன்றுதான்: பதினைந்து பெருக்கல் ஒன்று என்பார்களே, அந்தச் சாதாரண வீட்டு ஊசி. ஆனால் பாபின் மாற்றிப் போட முடியாது. 15இன் பாபினுக்கு இரு பக்கமும் தட்டை, 66இன் பாபினுக்குப் பக்கங்கள் லேசாகக் குவிந்திருக்கும். பார்வைக்கு இரண்டும் ஒரே மாதிரி என்பதால் கடையில் கைமாறி வந்துவிடும். போட்டால் உட்காரவும் செய்யும். தைக்கும்போதுதான் அடித்தையல் ஒருமுறை இறுகும், ஒருமுறை தளரும். என்ன திருகினாலும் சீராகாது.

ஒரே ஒரு எச்சரிக்கை. 12ஆம் வகுப்பு என்று 19ஆம் நூற்றாண்டு மெஷின் ஒன்று உண்டு, அழகென்றால் அழகு. அதற்கான ஊசியைச் செய்வதை எப்போதோ நிறுத்திவிட்டார்கள். கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பார்க்க வேண்டுமானால் வாங்கலாம்.

சரி, அந்தத் தலைக்குள் என்னதான் நடக்கிறது? இதைப் புரிந்துகொண்டால் பழுது பார்ப்பது பாதி முடிந்த மாதிரி.

கையூசிக்குக் காது பின்முனையில். மெஷின் ஊசிக்குக் காது நுனியில். ஊசி துணியைத் துளைத்து அடிவரை இறங்கி, சுமார் 2 மில்லிமீட்டர் மேலே ஏறுகிறது. எல்லாச் சூட்சுமமும் இந்த 2 மில்லிமீட்டரில்தான். ஊசியின் ஒரு பக்கத்தில் நீளமான பள்ளம் இருக்கிறது. அந்தப் பக்கத்து நூல் பள்ளத்துக்குள் பதிந்து ஊசியோடு போய்விடும். மறுபக்கத்து நூலைத் துணி பிடித்துக்கொள்வதால் அது ஏற முடியாமல் சின்ன வளையமாகப் புடைக்கும். சரியாக அந்த நொடியில், பாபினைச் சுற்றி அமைந்த கொக்கியின் மூக்கு வந்து வளையத்துக்குள் நுழைய வேண்டும். நுழைந்து, வளையத்தை விரித்து, பாபின் முழுவதையும் அதற்குள்ளே விட்டு மறுபக்கம் எடுத்துவிடுகிறது. மேலே நூல் தூக்கி விருட்டென்று இழுக்க, மேல்நூலும் அடிநூலும் துணியின் நடுக்கனத்தில் ஒன்றையொன்று பூட்டிக்கொள்கின்றன.

ஒரு பாபினைச் சுற்றிவர நிறைய நூல் வேண்டும், ஆனால் ஒரு தையலுக்குச் செலவாவது சில மில்லிமீட்டர்தான். மிச்சம் திரும்ப மேலே போகும். ஆகவே மேல்நூலின் ஒரே இடம் துணியில் பதிவதற்கு முன் ஊசிக் காது வழியாக முப்பது நாற்பது முறை போய் வந்துவிடுகிறது. காதில் கண்ணுக்குத் தெரியாத பிசிறு இருந்தாலும் நூல் இழை இழையாகப் பிய்வது இதனால்தான். நூல் மட்டமென்று திட்டுவதற்கு முன் ஊசியை மாற்றிப் பாருங்கள்.

பூட்டுத் தையல் வருவதற்கு முன் இருந்தது சங்கிலித் தையல். அரிசி மூட்டையின் வாயில் இன்றும் இருக்கிறது: சரியான முனையைக் கண்டுபிடித்து இழுத்தால் சரசரவென்று மொத்தமும் பிரிந்துவிடும். மூட்டைக்கு அது வசதி, சட்டைக்கு ஆபத்து. பிரான்சில் பார்த்தெலமி திமோனியே 1830இல் கண்டுபிடிப்பு உரிமம் (பேட்டன்ட்) வாங்கிய மெஷின் இந்தச் சங்கிலித் தையல் வகைதான். அவரே ஒரு தையல்காரர். பாரிஸில் சுமார் 80 மெஷின் போட்டு ராணுவச் சீருடை தைத்தார். பிழைப்புப் போய்விடுமென்று 1831இல் தையல்காரர்கள் கூட்டமாகப் புகுந்து அடித்து நொறுக்கினார்கள்.

அமெரிக்காவில் வால்ட்டர் ஹன்ட் 1830களிலேயே நுனிக்காது ஊசியும் ஷட்டிலும் வைத்துப் பூட்டுத் தையல் போட்டார், உரிமம் வாங்காமல் விட்டுவிட்டார். பிறகு 1849இல் சேஃப்டி பின்னுக்கு உரிமம் வாங்கினார். 1846இல் எலியாஸ் ஹோவ் பூட்டுத் தையலுக்கு உரிமம் வாங்கினார். அவர் ஊசி வளைந்தது, துணி செங்குத்தாகத் தொங்க வேண்டும், சிறிது தைத்ததும் நிறுத்தித் துணியை மாற்றி மாட்ட வேண்டும். ஐசக் சிங்கர் 1851இல் ஊசியை நேராக்கி மேலிருந்து இறக்கினார், துணியைப் படுக்கப் போட்டார், அழுத்திப் பிடிக்கப் பாதம் வைத்தார், மிதியால் ஓட்டினார். துணியை நகர்த்தும் நான்கு அசைவுப் பல் சிங்கருடையது அல்ல. 1854இல் ஆலன் வில்சன் செய்தது.

ஆக, முழு மெஷினுக்கு உரிமையாளர் என்று ஒருவரும் இல்லை. ஒருவர்மேல் ஒருவர் வழக்குப் போட்டு ஓய்ந்தபின் 1856இல் உரிமங்களையெல்லாம் ஒரே பெட்டியில் போட்டார்கள். வெளியார் யார் மெஷின் செய்தாலும் அந்தக் கூட்டுக்குக் கட்டணம் கட்ட வேண்டும். 1877வரை இது நடந்தது. கண்டுபிடித்தவர் யார் என்று பள்ளிக்கூடத்தில் ஒரே பெயரை மனப்பாடம் செய்ய வைப்பதில் எனக்கு உடன்பாடில்லாததற்கு இந்த மெஷின் ஒன்றே போதும்.

பாகங்கள் பொருந்துவதைப் பற்றி மேலே பெருமையாகச் சொன்னேன். அதுவும் சிங்கர் முதல் நாளே செய்ததல்ல. வீலர் அண்ட் வில்சன் கம்பெனி துப்பாக்கி ஆலைகளின் முறையை முன்பே எடுத்துக்கொண்டு, அச்சு அசலாக ஒரே அளவில் பாகங்களைச் செய்யப் பார்த்தது. சிங்கரோ நெடுங்காலம் அரம் வைத்து ராவி ராவித்தான் பொருத்தியது. ஒரு மெஷினின் பாகங்கள் இன்னொன்றோடு கலந்துவிடாமலிருக்க ஒவ்வொன்றிலும் எண் அடித்து வைத்தார்கள். 1880இல் வருடத்துக்கு ஐந்து லட்சம் மெஷின் என்றான பிறகு ராவிக்கொண்டிருக்க முடியவில்லை. அதன் பிறகு படிப்படியாக வந்ததுதான் இன்று நாம் அனுபவிக்கும் ஒழுங்கு. இன்னொரு காரணமும் உண்டு: 15ஆம் வகுப்பை ஜப்பான்காரர்கள் போருக்குப் பிறகு ஏராளமாக நகல் எடுத்தார்கள், சீனாவில் பட்டர்ஃபிளை போன்றவை அதே வழியில் வந்தன. நகல் பெருகப் பெருக அந்த அளவே உலக அளவாகிவிட்டது.

மெஷின் இருந்தால் போதுமா, வாங்கக் காசு? 1850களில் விலை 100 டாலருக்கு மேல். ஓர் அமெரிக்கக் குடும்பத்துக்குப் பல மாதச் சம்பளம். 1856இல் சிங்கரின் பங்காளி எட்வர்ட் கிளார்க் தவணை முறையைக் கொண்டுவந்தார். முன்பணம் 5 டாலர், பிறகு மாதாமாதம். தென்கிழக்காசியாவிலும் இந்த மெஷின் பரவியது இதே வழியில்தான். இறக்குமதி வரி இல்லாத துறைமுகமாக இருந்த பினாங்கில் அதை இறக்குவதில் சிக்கலும் இல்லை. மோட்டார் சைக்கிள், டிவி, ஃப்ரிட்ஜ் எல்லாம் தவணையில் வாங்கப் பழகிய நமக்கு அந்தப் பழக்கத்தின் மூத்த அண்ணன் தையல் மெஷின் என்பது நினைவிருப்பதில்லை. தவணையின் கெட்ட பக்கமும் அதோடுதான் வந்தது: கடைசி நேரத்தில் கட்ட முடியாமல் போனால் மெஷினும் போகும், கட்டிய பணமும் போகும். இன்று மலேசியாவில் 1967ஆம் ஆண்டின் வாடகைக் கொள்முதல் சட்டம், விலையில் 75 விழுக்காட்டுக்கு மேல் கட்டியிருந்தால் நீதிமன்ற உத்தரவில்லாமல் பொருளைத் தூக்கக் கூடாது என்கிறது. அந்தக் காலத்துக்காரர்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

நேரம் எவ்வளவு மிச்சமானது? வீலர் அண்ட் வில்சன் 1860களின் தொடக்கத்தில் ஒரு கணக்கு வெளியிட்டது: ஆண்கள் சட்டை ஒன்று கையால் 14 மணி 26 நிமிடம், மெஷினில் 1 மணி 16 நிமிடம். விற்கிறவன் கணக்கு என்பதால் கொஞ்சம் கழித்துக்கொள்ளலாம், இருந்தாலும் வித்தியாசம் பெரிது. ஆனால் மிச்சமான நேரம் பெண்களுக்குப் போய்ச் சேர்ந்ததா என்றால், முழுதாக இல்லை. அடுத்த பத்திருபது வருடத்தில் மேல்நாட்டுப் பெண்கள் உடையில் கொசுவமும் சுருக்கமும் ஓரப்பட்டியும் எக்கச்சக்கமாக ஏறின. தைப்பது சுலபமானதும் தைக்க வேண்டியது கூடிவிட்டது. நம் ரவிக்கையின் கதையும் அதுதான். லைனிங், பைப்பிங், முதுகில் ஜன்னல், கைக்குப் பஃப் என்று ஏறிக்கொண்டே போய், தீபாவளிக்கு முன் டெய்லர் ஆர்டர் எடுப்பதை நிறுத்தும் நிலைக்கு வந்திருக்கிறது. இத்தனைக்கும் புடவைக்கு ஒரு தையல்கூட வேண்டாம். சாரோங்குக்கு ஒரே ஒரு நெடுந்தையல். மெஷின் நம் வீட்டுக்குள் வந்தது ரவிக்கை, உள்பாவாடை, பிள்ளைகளின் பள்ளிச் சீருடை வழியாகத்தான்.

இயந்திரங்களைக் கண்டாலே முகம் சுளித்த காந்தி 1924இல் இதற்கு மட்டும் விலக்குக் கொடுத்தார். மனைவி கையால் தைத்துக் கஷ்டப்படுவதைக் காணச் சகிக்காமல் சிங்கர் கண்டுபிடித்தார் என்பது அவர் சொன்ன காரணம். சிங்கரின் சொந்த வாழ்க்கையைப் படித்தவர்கள் இந்த இடத்தில் சிரித்துவிடுவார்கள். பல குடும்பம் நடத்திய மனிதர்.

பினாங்கில் இந்த மெஷின் செய்த உச்ச வேலை எது என்று கேட்டால் பெரானாக்கான் சீனப் பெண்கள் அணியும் பூவேலை மேற்சட்டையான ஞோஞா கெபாயாவைச் சொல்வேன். அந்தப் பூவேலை கையால் போட்டதல்ல. சாதாரண மிதி மெஷினில், நேர்த்தையல் ஒன்றே தெரிந்த மெஷினில் போட்டது. பாதத்தைக் கழற்றிவிடுவார்கள். பல்லைக் கீழே இறக்குவார்கள், இறங்காத மெஷினில் மேலே ஒரு தகடு போட்டு மூடுவார்கள். இனி துணியை நகர்த்துவது மெஷின் அல்ல, இரண்டு கை. வாயில் (voile) எனப்படும் மெல்லிய துணியை வட்டச் சட்டத்தில் மாட்ட வேண்டும். கை எம்பிராய்டரிக்கு மாட்டுவதற்குத் தலைகீழாக, துணி சட்டத்தின் அடிமட்டத்தில், மெஷின் பலகையில் படிந்து கிடக்கும்படி. தட்டினால் சத்தம் வருமளவு விறைப்பு வேண்டும். தொய்ந்திருந்தால் ஊசி ஏறும்போது துணியும் கூடவே ஏறும், வளையம் புடைக்காது, கொக்கி வெறுங்கையோடு திரும்பும், தையல் விட்டுப் போகும்.

புதிதாகப் பழகுகிறவர்கள் எல்லாரும் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று. பாதம்தான் இல்லையே என்று அதன் நெம்புகோலை இறக்காமல் விட்டுவிடுவார்கள். மேல்நூலை அழுத்திப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகள் அந்த நெம்புகோலை இறக்கினால்தான் மூடும். இறக்காமல் மிதித்தால் மூன்றாவது நொடி அடியில் நூல் பந்தாகச் சுருண்டு நிற்கும். ஊசி 9 அல்லது 11. அடிநூலைச் சற்று இறுக்கமாக வைத்தால் மேல்நூல் துணிக்கு அடியில் லேசாக இறங்கி, மேலே முடிச்சுத் தெரியாமல் வழவழப்பாக நிற்கும். கால் ஒரே வேகத்தில் மிதிக்க, கை ஒரே வேகத்தில் நகர்த்த வேண்டும். கை முந்தினால் தையல் நீளும், ஊசி வளைந்து தகட்டில் குத்தி முறியும். கை தயங்கினால் ஒரே இடத்தில் நூல் குவியும். கெபாயாவின் ஓரத்தில் வளைவு வளைவாக வரும் பிக்கு வேலைக்கு முதலில் நெருக்கமாகத் தைத்துவிட்டு, பிறகுதான் நுனிக் கத்திரிக்கோலால் வெளித்துணியை ஒட்ட வெட்டுவார்கள். ஓர் இழை தப்பி வெட்டுப்பட்டாலும் அந்த வளைவு பிரிந்துவிடும். 2024 டிசம்பரில் மலேசியா, சிங்கப்பூர், இந்தோனேசியா, புருணை, தாய்லாந்து ஐந்தும் சேர்ந்து முன்வைத்த கெபாயா யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. அந்த மரியாதையில் கில்போவி இரும்புக்கும் ஒரு பங்கு உண்டு என்பது என் கட்சி.

மெஷினால் முடியாததும் உண்டு. மலாய் உடையான பாஜு குரோங்கின் கழுத்தைச் சுற்றிப் போடும் துலாங் பெலுட் தையல் இன்னும் கைவேலைதான். புடவை முந்தானைக் குச்சும் அப்படித்தான்.

இனி வீட்டில் வைத்திருப்பவர்களுக்கு. அடிப்பக்கம் நூல் கொத்துக் கொத்தாகச் சிக்குகிறது என்றால் எல்லாரும் செய்வது பாபின் கூட்டின் திருகைத் திருகுவது. தப்பு. அடியில் குவிவது மேல்நூல். மேலே அதைப் பிடித்து நிறுத்த ஆளில்லாததால் அடியில் வந்து கொட்டுகிறது. பாதத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நூலை முதலிலிருந்து கோத்து வாருங்கள். தூக்கினால்தான் டென்ஷன் தட்டுகள் திறந்து நூல் நடுவில் உட்காரும். நூல் தூக்கியின் துளையைத் தவறவிட்டாலும் இதே கொத்துத்தான். கோத்து முடித்ததும் நூல் முனையைப் பத்து சென்டிமீட்டர் பின்னால் விட்டு, நூல் தூக்கி உச்சியில் நிற்கும்படி வைத்து ஆரம்பியுங்கள். இல்லாவிட்டால் முதல் மிதியிலேயே நூல் ஊசிக் காதை விட்டு வெளியே வந்துவிடும்.

பாபின் டென்ஷன் சரியா என்று பார்க்க, கூட்டில் பாபினைப் போட்டு நூல் முனையைப் பிடித்துத் தொங்கவிடுங்கள். சும்மா இருக்கும்போது விழக் கூடாது. மணிக்கட்டை ஒரு வெட்டு வெட்டினால் ஒரு விரற்கடை இறங்கி நிற்க வேண்டும். அப்படி நின்றால் அந்தத் திருகை மறந்துவிடுங்கள், மற்றதையெல்லாம் மேல் டென்ஷனில் பார்த்துக்கொள்ளலாம்.

தையல் விட்டு விட்டு விழுந்தால் ஊசியைக் கழற்றிப் பாருங்கள். பக்கம் மாறித் திரும்பியிருக்கலாம். எந்தப் பக்கம் என்பது வகுப்புக்கு வகுப்பு மாறும், ஆனால் விதி மாறாது: நீளப் பள்ளம் இருக்கும் பக்கத்திலிருந்துதான் நூல் காதுக்குள் நுழைய வேண்டும், ஊசிக்கு முன் நூல் கடைசியாக நுழையும் வளையம் எந்தப் பக்கமோ பள்ளமும் அந்தப் பக்கம். திருப்பியும் சரியில்லையென்றால் ஊசி வளைந்திருக்கும். கண்ணாடிமேல் படுக்க வைத்தால் இடைவெளி தெரியும். பட்டு ரவிக்கைக்கு 11, பருத்திக்கு 14, ஜீன்ஸ் மடிப்புக்கு 16 அல்லது 18. எட்டு மணி நேரம் தைத்த ஊசி மழுங்கியது என்று கணக்கு வைத்துக்கொண்டால் பட்டில் இழை இழுபடாது. தையல் நீளம் சாதாரணத் துணிக்கு அங்குலத்துக்குப் பத்து. நூல் கணக்கு கேட்பவர்களுக்கு: மேலும் கீழும் சேர்த்துத் தையல் நீளத்தைப் போல இரண்டரை முதல் மூன்று மடங்கு.

நம் ஊர் ஈரத்துக்குச் சில வார்த்தைகள். பிளாஸ்டிக் உறை போட்டு மூடாதீர்கள், உள்ளே வியர்த்துத் துருப்பிடிக்கும். பருத்தித் துணி போதும். தலையில் இருக்கும் தங்க நிறப் பூவேலையின் மேலே பழைய ஷெல்லாக் பூச்சு இருக்கிறது. ஸ்பிரிட், தின்னர் பட்டால் அது கரைந்து பூவும் போய்விடும். பஞ்சில் தையல் மெஷின் எண்ணெயை நனைத்து மெதுவாகத் துடைப்பது ஒன்றே வழி.

மோட்டார் வைத்த பழைய ஜப்பான் மெஷின் மலிவாகக் கிடைத்தால் மோட்டார் மேலிருக்கும் தகட்டைப் படித்துவிட்டு வாங்குங்கள். 100 வோல்ட் என்று இருந்தால், நம் வீட்டு 230 வோல்ட்டில் செருகிய சில நொடிகளில் புகைந்துவிடும். வோல்ட்டைக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் வாங்க வேண்டும், அல்லது மோட்டாரையே மாற்ற வேண்டும். வயரின் ரப்பர் வெடித்திருந்தால் எந்த வோல்ட்டானாலும் செருகாதீர்கள்.

மிதி மெஷினுக்கு அந்தத் தொல்லை இல்லை. அதன் ஒரே தொல்லை பெல்ட். வட்டத் தோல் பெல்ட், கனம் 5 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. மழைக் காலத்தில் தோல் நீளும், கனத்த மடிப்பு வந்தால் சக்கரத்தில் வழுக்கும். அளக்க, ஒரு சணல் கயிற்றை இரண்டு சக்கரத்தையும் சுற்றி விறைப்பாகப் பிடித்து, அதைவிட 2 சென்டிமீட்டர் குறைத்துப் பெல்ட்டை வெட்டுங்கள். முனையிலிருந்து அரை சென்டிமீட்டர் தள்ளி ஆணியால் துளை போட்டு, கம்பிக் கொக்கியை நுழைத்து இடுக்கியால் மடக்க வேண்டும். கொக்கியின் முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் முழங்கால் கிழியும். ரொம்ப இறுக்கினால் மிதிக்கவே கால் வலிக்கும், சக்கர அச்சும் தேயும். கையால் அழுத்தினால் ஒரு விரல் அளவு அமுங்குவது சரியான இறுக்கம். தோல் கிடைக்காவிட்டால் 5 மில்லிமீட்டர் பாலியூரித்தேன் கயிறு வாங்கலாம். இரண்டு முனையையும் சூடான கத்தியின் இரு பக்கத்திலும் வைத்து, உருகியதும் கத்தியை உருவி ஒன்றோடொன்று அழுத்தி, ஆறும்வரை அசையாமல் பிடிக்க வேண்டும். மூட்டில் வழிந்து நிற்கும் பிசிறைச் சீவிவிட மறக்காதீர்கள். இல்லாவிட்டால் சுற்றுக்கு ஒருமுறை டொக் என்று தட்டும்.

வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால், தைத்து முடித்ததும் பெல்ட்டைப் பெரிய சக்கரத்திலிருந்து நழுவ விட்டுவிடுங்கள். மிதியில் ஏறி ஆடுவது பிள்ளைகளுக்குப் பிடிக்கும். பெல்ட் இல்லையென்றால் ஊசி அசையாது. ஆனால் கீழ்ச்சக்கரம் அப்போதும் சுற்றும், அதன் ஆரங்களுக்கு இடையில் விரல் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.